வேகத்தைக் குறைக்க எஞ்சினின் கழுத்தைத்தான் நெரிக்கணுமா?

நரேன் கார்த்திகேயன் என்றால் நமக்கு ஃபார்முலா ஒன். 2005ல் ஜோர்டான் அணி, இந்தியாவின் முதல் எஃப் ஒன் டிரைவர், கோயம்புத்தூர்க்காரர்... இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2010ல் அவர் அமெரிக்காவுக்குப் போய் டிரக் ஓட்டினார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சிமெண்ட் மூட்டை ஏற்றுகிற லாரி இல்லை. நாஸ்கார் அமைப்பு நடத்தும் பிக்கப் டிரக் பந்தயம். முதல் பந்தயம் மார்ட்டின்ஸ்வில் என்ற சின்ன மைதானத்தில், முடித்த இடம் 13. அந்த வருஷம் அந்தத் தொடரின் ரசிகர்கள் தங்களுக்கு மிகவும் பிடித்த டிரைவர் என்று ஓட்டுப் போட்டதும் அவருக்குத்தான்.

அவரைப் பற்றித் தேடப்போய்த்தான் இந்த நாஸ்கார் பக்கம் வந்தேன். வந்த இடத்தில் ஒரு பழைய சண்டை கண்ணில் பட்டது. 1988ல் ஆரம்பித்தது, இன்னும் தீரவில்லை. கார் ரொம்ப வேகமாகப் போகிறது, எப்படிக் குறைப்பது? இவ்வளவுதான் கேள்வி. விடை அவ்வளவு சுலபமாக இல்லை. நம்மூர் பஸ்ஸுக்கும் லாரிக்கும்கூட இதில் ஒரு பாடம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் அடிப்படை. ஸ்டாக் கார் என்றால் ஷோரூம் ஸ்டாக்கில் நிற்கிற கார் என்று பொருள். ஆரம்பத்தில் உண்மையிலேயே அப்படிப்பட்ட கார்களைத்தான் ஓட்டினார்கள். இன்று வெளித்தோற்றம் மட்டும்தான் ஷோரூம் காருடையது, உள்ளே எல்லாமே பந்தயத்துக்கென்று செய்தவை. ஓடுவது பெரும்பாலும் நீள்வட்ட மைதானத்தில், இடப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி.

இந்த மைதானங்களில் சிலவற்றின் வளைவுகள் தட்டையாக இருக்காது, கிண்ணத்தின் ஓரம் மாதிரி சாய்ந்து நிற்கும். புரிய வைப்பது கஷ்டமில்லை. திருவிழாப் பொருட்காட்சிகளில் மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள். பலகைச் சுவரில் பைக்கும் மாருதி காரும் ஏறி ஓடும், விழாது. சுவர் உள்நோக்கித் தள்ளுகிறது, அந்தத் தள்ளல்தான் வண்டியை வட்டத்தில் வைத்திருக்கிறது. அந்தச் சுவரைக் கொஞ்சம் படுக்கவைத்து, நாலு கிலோமீட்டர் சுற்றளவுக்குப் பெரிதாக்கினால் கிடைப்பதுதான் டேடோனாவும் டல்லடேகாவும். டேடோனா 1959ல் திறந்தது, சாய்வு 31 டிகிரி. டல்லடேகா 1969, சாய்வு 33 டிகிரி. 33 டிகிரி சரிவில் ஆள் நடந்து ஏறவே மூச்சு வாங்கும்.

இப்போது ஒரு சின்ன பிளஸ் டூ கணக்கு. டேடோனா வளைவின் ஆரம் சுமார் 305 மீட்டர். டயர் தன் எடை அளவுக்கு இணையான பிடிப்பைத் தரும் (உராய்வு எண் 1) என்று வைத்துக்கொள்வோம். காற்றின் அழுத்தத்தை விட்டுவிடுவோம். வழுக்காமல் திரும்பக்கூடிய அதிகபட்ச வேகம்:

- தட்டையான வளைவு: சுமார் 197 கி.மீ.
- 14 டிகிரி சாய்வு: சுமார் 254 கி.மீ.
- 20 டிகிரி சாய்வு: சுமார் 288 கி.மீ.
- 31 டிகிரி சாய்வு: சுமார் 394 கி.மீ.

கடைசி எண்ணைப் பாருங்கள். அங்கே வளைவு 394 வரை அனுமதிக்கிறது, ஆனால் அந்த வேகத்துக்குப் போக எஞ்சினிடம் சக்தி இல்லை. அதாவது டிரைவர் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுக்கவே வேண்டியதில்லை. சுற்று முழுக்க மிதித்தது மிதித்தபடி. பிரேக்குக்கு வேலையில்லை. எங்கே காலை எடுப்பது, எங்கே மறுபடி மிதிப்பது என்ற, ஒரு டிரைவரை இன்னொரு டிரைவரிடம் இருந்து பிரிக்கிற அந்தத் திறமைக்கும் வேலையில்லை. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மொத்தச் சண்டையும் இதில்தான் இருக்கிறது.

1970ல் பட்டி பேக்கர் டல்லடேகாவில் மணிக்கு 322 கி.மீ. எட்டினார். அதன் பிறகு எஞ்சின் அளவைக் குறைத்தார்கள். 7 லிட்டரில் இருந்து, 1974ல் இருந்து எல்லோருக்கும் 5.9 லிட்டர் என்று ஆனது. கொஞ்ச காலம் வேகம் அடங்கியது. ஆனால் பொறியாளர்கள் சும்மா இருப்பார்களா? அதே சின்ன எஞ்சினில் இருந்து மறுபடி சக்தியைக் கறந்தார்கள். 1987ல் பில் எலியட் அதே டல்லடேகாவில் தகுதிச் சுற்றில் 342 கி.மீ. போனார். அந்தச் சாதனை இன்றுவரை முறியவில்லை. முறியாததற்குக் காரணம் சில நாள் கழித்து நடந்த பந்தயம்.

அந்தப் பந்தயத்தில் பாபி ஆலிசனின் டயர் வெடித்தது. கார் பின்பக்கமாகத் திரும்பி, காற்றில் எழும்பி, பார்வையாளர்களுக்கு முன்னால் இருந்த கம்பி வேலியைக் கிழித்துக்கொண்டு போனது. நல்ல காலம், கார் ஜனங்களுக்குள் விழவில்லை. சிதறிய துண்டுகளால் சிலருக்குக் காயம். ஒன்றரை டன் இரும்பு சில அடி தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லோருக்கும் விளங்கியது.

1988ல் வந்தது ரெஸ்ட்ரிக்டர் பிளேட். பெயர்தான் பெரிசு, பொருள் சின்னது. நாலு ஓட்டை போட்ட ஒரு உலோகத் தகடு, ஒவ்வொரு ஓட்டையும் ஏறத்தாழ ஒரு அங்குலம். கார்புரேட்டருக்குக் கீழே வைத்து முடுக்கினால் எஞ்சினுக்குள் போகிற காற்று குறையும், காற்று குறைந்தால் எரிபொருள் குறையும், சக்தி குறையும். 700 குதிரைத் திறனுக்கு மேல் இருந்த எஞ்சின் 450 அளவுக்கு வந்துவிடும். ஓடுகிறவனின் மூக்கைப் பொத்துவது மாதிரி. 2019 டேடோனா 500 பந்தயத்தோடு தகடு போனது, அதற்குப் பதில் கூம்பு வடிவ ஓட்டைகள் கொண்ட ஸ்பேசர் வந்தது. ஆள் மாறினாலும் வேலை அதேதான்.

வேகம் குறைந்ததா? குறைந்தது. கூட்டமாக ஓடும்போது 300 கி.மீ. சொச்சம். ஒரு காரின் மோதல் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 342ல் இருந்து 300 என்றால் ஏறத்தாழ 23 சதவீதம் குறைவு. நல்ல லாபம்தானே, பிறகு ஏன் சண்டை?

இங்கேதான் நம்மூர் உதாரணம். 2015 அக்டோபர் முதல் தயாராகும் லாரி, பஸ் போன்ற வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 80 கி.மீ.க்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். இப்போது பணகுடி தாண்டி காவல்கிணறு நோக்கி வருகிற நாலுவழிச் சாலையை நினைத்துப் பாருங்கள். 78ல் ஒரு லாரி. பின்னால் 80ல் இன்னொரு லாரி, முந்த நினைக்கிறது. வித்தியாசம் மணிக்கு 2 கி.மீ.தான். 40 மீட்டர் முன்னேற 72 விநாடி வேண்டும், அதற்குள் 1.6 கி.மீ. ஓடியிருக்கும். அதுவரை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டு தடத்தையும் அடைத்துக்கொண்டு. பின்னால் கார்கள் ஹாரன் அடித்தபடி வரிசை கட்டும். லாரிகள் நிதானமாகத்தான் போகின்றன, ஆனால் சாலையில் ஒரு கூட்டம் உருவாகிவிட்டது.

டல்லடேகாவிலும் இதே கதைதான். எல்லோருக்கும் ஒரே தகடு, ஆகவே ஒரே சக்தி, ஒரே வேகம். யாரும் காலை எடுக்க வேண்டியதில்லை, ஆகவே யாரும் பிரிந்து முன்னால் போக முடியாது. இதோடு காற்று வேறு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றுக் காலத்தில் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும், எதிர்க்காற்றில் வண்டி திணறும், முன்னால் போகிற லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டால் சட்டென்று இலேசாகிவிடும் (தயவுசெய்து செய்து பார்க்காதீர்கள்). பந்தயக் காரிலும் அதே. முன்னவன் காற்றைக் கிழித்துத் தருகிறான், பின்னவன் சவாரி செய்கிறான். சக்தி குறைந்த காருக்கு இந்த உதவி இன்னும் அதிகமாகத் தேவை. கூட்டத்தை விட்டு விலகினால் பின்னுக்குப் போய்விடுவாய். ஆகவே முப்பது கார்கள் மூன்று வரிசையாக, ஒன்றின் மூக்கு இன்னொன்றின் வாலைத் தொடும்படி, 300 கி.மீ. வேகத்தில்.

300 கி.மீ. என்றால் விநாடிக்கு 83 மீட்டர். ஒருவருக்கு உஷாராகிப் பிரேக் மிதிக்க அரை விநாடி ஆகும் என்றால் அதற்குள் 41 மீட்டர், அதாவது எட்டுக் கார் நீளம் ஓடிவிடும். முன்னவன் இருப்பதோ ஒரு மீட்டர் தள்ளி. ஒருவன் தடுமாறினால் இருபது பேர் காலி. ரசிகர்கள் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள், 'தி பிக் ஒன்'. ஏறத்தாழ ஒவ்வொரு பந்தயத்திலும் எதிர்பார்க்கப்படுகிற ஒன்றை விபத்து என்று சொல்வதா, நிகழ்ச்சி நிரல் என்று சொல்வதா?

சரி, வேலியாவது காப்பாற்றப்பட்டதா? 2009 ஏப்ரலில் டல்லடேகாவில் கடைசிச் சுற்றில் கார்ல் எட்வர்ட்ஸின் கார் பறந்து வேலியில் மோதியது, பார்வையாளர்கள் சிலருக்குக் காயம். 2013ல் டேடோனாவில் அடுத்த மட்டத் தொடரின் பந்தயத்தில் கைல் லார்சனின் கார் வேலியில் மோதி, ஒரு சக்கரம் வேலி தாண்டிக் கேலரிக்குள் விழுந்தது, இருபதுக்கும் மேற்பட்டோர் காயம். 2015 ஜூலையில் மறுபடி டேடோனா, ஆஸ்டின் டில்லனின் கார். இந்த எல்லாவற்றிலும் தகடு இருந்தது. எந்தக் காரணத்துக்காகத் தகடு வந்ததோ, அந்தக் காரணத்தைத் தகடு முழுசாகத் தீர்க்கவில்லை.

காமர்ஸ் படிக்கிற புத்தி இங்கே கொஞ்சம் வேலை செய்கிறது. செலவு குறைந்ததா என்று மட்டும் பார்க்கக் கூடாது, செலவு யார் கணக்குக்கு மாறியது என்றும் பார்க்க வேண்டும். தகடு மிக மலிவான தீர்வு. மைதானத்தை இடித்துக் கட்ட வேண்டாம், கேலரியைத் தள்ளி வைக்க வேண்டாம். ஆனால் நொறுங்கிய இருபது கார்களின் செலவு அணிகளின் கணக்கில். எலும்பு முறிவு டிரைவர் கணக்கில். ஒரு காருக்கான ஆபத்து 23 சதவீதம் குறைந்தது, ஒரு மோதலில் சிக்கும் கார்களின் எண்ணிக்கை பல மடங்கு கூடியது. ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிற பேலன்ஸ் ஷீட் இது.

அப்படியானால் வேறு வழி என்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. தடுப்பு வளைவு. நேர்ச்சாலையின் நடுவே ஒரு நெளிவு வைத்தால் வேகம் தானாகக் குறையும். லெ மான்ஸில் 1988ல் ஒரு கார் 405 கி.மீ. தொட்டபிறகு 1990ல் அந்த நீண்ட நேர்ச்சாலையில் இரண்டு நெளிவுகள் வைத்தார்கள். பலன் தந்தது. ஆனால் நீள்வட்டப் பந்தயத்தில் இதைச் செய்தால் அது நீள்வட்டப் பந்தயமே இல்லை. கபடியில் கோட்டை அழிப்பது மாதிரி.

2. சின்ன எஞ்சின். தகடு இல்லாத சின்ன எஞ்சின், மூச்சடைத்த பெரிய எஞ்சினை விட மேல். காலை எடுத்து மறுபடி மிதித்தால் சட்டென்று பதில் சொல்லும், முந்துவதற்கு உதவும். ஆனால் 1974 முதல் 1987 வரை நடந்ததை நினைவில் வையுங்கள். சில வருஷத்தில் பொறியாளர்கள் ஈடுகட்டிவிடுவார்கள். தனியாகப் போதாது.

3. பிடிப்பைக் குறைப்பது. காரின் மேல் ஓடும் காற்று காரைத் தரையோடு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைக் குறைத்து, டயரையும் கொஞ்சம் கடினமாக்கினால் வளைவில் கார் வழுக்கும். டிரைவர் காலை எடுத்தே ஆகவேண்டும். ஒருவர் சீக்கிரம் எடுப்பார், ஒருவர் தாமதமாக எடுப்பார், ஒருவருடைய டயர் சீக்கிரம் தேயும். கூட்டம் தானாகவே கலையும்.

4. சாய்வைக் குறைப்பது. மேலே கொடுத்த கணக்கைப் பாருங்கள். 31ல் இருந்து 20க்கு வந்தால் வளைவின் எல்லை 394ல் இருந்து 288க்கு இறங்குகிறது. எந்த எஞ்சின் வைத்தாலும் வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்க வேண்டியதுதான்.

என் கட்சி மூன்றும் நாலும், துணைக்கு இரண்டும். வேகத்தின் எல்லை எஞ்சினில் இருக்கக் கூடாது, வளைவில் இருக்க வேண்டும். எஞ்சினில் வைத்த எல்லை எல்லோருக்கும் ஒன்று, அது எல்லோரையும் ஒரே இடத்தில் குவிக்கும். வளைவில் வைத்த எல்லை ஆளுக்கு ஆள், சுற்றுக்குச் சுற்று மாறும், அது பிரித்துவைக்கும்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 2011 அக்டோபரில் லாஸ் வேகாஸ் மைதானத்தில் இண்டிகார் பந்தயம். ஸ்டாக் கார் இல்லை, சக்கரம் வெளியே தெரிகிற கார்கள். ஆனால் நோய் அதேதான்: சாய்ந்த வளைவு, அழுத்திப் பிடிக்கும் காற்று, எல்லோரும் மிதித்தது மிதித்தபடி. 15 கார்கள் சிக்கிய மோதலில் டான் வெல்டன் இறந்துபோனார். அடுத்த வருஷம் ஜூனில் 24 டிகிரி சாய்வுள்ள டெக்ஸாஸ் மைதானத்துக்குப் போனபோது, எஞ்சினை நெரிக்காமல் காற்றழுத்தத்தை நன்றாகக் குறைத்தார்கள். டயர் தேய்ந்தது, கார் வழுக்கியது, டிரைவர்கள் காலை எடுத்தார்கள். கூட்டம் கலைந்தது. ஜஸ்டின் வில்சன் ஜெயித்த அந்தப் பந்தயம் சுவாரசியத்திலும் குறையவில்லை.

இதற்கு எதிர்வாதங்கள் இருக்கின்றன. முதலாவது, பிடிப்பைக் குறைத்தால் நேர்ச்சாலையில் வேகம் கூடுமே, கார் பறக்குமே? நியாயமான கேள்வி. அதனால்தான் சின்ன எஞ்சினையும் சேர்க்கச் சொல்கிறேன். கூடவே 1994ல் வந்த கூரை மடல்கள் (கார் திரும்பினால் தானே எழுந்து காற்றைத் தடுப்பவை), 2002ல் இருந்து வந்த மோதலை உறிஞ்சும் சுவர்கள் இதெல்லாம் இருக்கவே வேண்டும். 2001ல் டேல் ஏர்ன்ஹார்ட் டேடோனாவின் கடைசிச் சுற்றில் இறந்த பிறகு கழுத்துக் காப்புக் கருவி கட்டாயமானது. அவையெல்லாம் உயிரைக் காப்பாற்றியிருக்கின்றன, 2020ல் ரயன் நியூமன் பிழைத்ததைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

இரண்டாவது, செலவு. சாய்வை மாற்றுவது என்றால் பூமியையே மாற்ற வேண்டும். உண்மைதான். ஆனால் டல்லடேகாவுக்கு 2006லும் டேடோனாவுக்கு 2010லும் புதுத் தார் போட்டார்கள். சாய்வைத் தொடவில்லை. பழைய தாரில் டயர் தேயும், கார் வழுக்கும், டிரைவருக்கு வேலை இருக்கும். புதுத் தாரில் பிடிப்பு கூடியதுதான் மிச்சம். சரி, செலவுக்குப் பயந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2022ல் அட்லாண்டாவில் என்ன செய்தார்கள்? 24 டிகிரியாக இருந்த சாய்வை 28 ஆக உயர்த்தினார்கள், பாதையைக் குறுக்கினார்கள், எஞ்சின் சக்தியைக் குறைத்தார்கள். அதாவது காசு செலவழித்து, கூட்டத்தை வேண்டுமென்றே உண்டாக்கினார்கள்.

மூன்றாவது எதிர்வாதம் இதில் இருந்தே வருகிறது: ஜனங்களுக்கு அது பிடித்திருக்கிறது. 2024ல் அதே அட்லாண்டாவில் மூன்று கார்கள் பக்கத்தில் பக்கத்தில் கோட்டைத் தாண்டின, முதலுக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் 0.003 விநாடி. பார்த்தால் மயிர்க்கூச்செறியும், நான் மறுக்கவில்லை. விற்பனைக்கு வைத்திருப்பது அந்தக் காட்சியைத்தான் என்றால் அப்படியே சொல்லட்டும். பாதுகாப்புக்காக என்ற லேபிளை மட்டும் எடுத்துவிடட்டும். லேபிளில் ஒன்று, டப்பாவுக்குள் வேறொன்று என்றால் அதற்கு நுகர்வோர் சட்டத்தில் வேறு பெயர் உண்டு :-)

கடைசியாக நம்மூர் விஷயம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாலை பந்தயமில்லை, 80க்கு மேல் ஒரு பஸ் போகவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் கருவியை மாட்டியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பதுதான் ஆபத்து. ஒரே ரூட்டில் இரண்டு பஸ், நடுவில் இரண்டு நிமிஷ இடைவெளி, கலெக்‌ஷனுக்கு ஏற்ற படி என்று இருக்கும்வரை, 80க்குள்ளேயே நடக்க வேண்டிய அத்தனையும் நடக்கும். ஸ்டாப்பில் சரியாக நிற்காமல் எடுப்பது, சந்தை முக்கில் முந்துவது, இதற்கெல்லாம் 40 கி.மீ. வேகமே தாராளம். கருவி உச்ச வேகத்தைத்தான் பார்க்கும். அவசரத்தைப் பார்க்காது. அவசரம் டைமிங் அட்டவணையில் இருக்கிறது, அதைத் திருத்துவதற்குக் கருவி வாங்கவும் வேண்டாம்.

வேகத்தைக் கட்டுப்படுத்துகிறோம் என்று யார் சொன்னாலும், அது டல்லடேகாவாக இருந்தாலும் தக்கலையாக இருந்தாலும், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். காலை எடுப்பதற்கு ஓட்டுகிறவருக்கு ஒரு காரணம் கொடுத்தீர்களா, அல்லது மிதித்தபடியே இருக்கச் சொல்லிவிட்டு மூக்கை மட்டும் பொத்தினீர்களா?